பத்து ஆட்டம் ஜெயித்த அணியை ஏன் திட்டினார்கள்? அயோவாவின் குவார்ட்டர்பேக் புராணம்

கேள்வி: "அயோவா சிட்டியில் மேற்படிப்புக்கு வந்திருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்து எனக்குப் புதிது. அறைத் தோழர்கள் 2022, 2023 சீசன் பேச்சை எடுத்தாலே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தேடிப் பார்த்தால் 2023-இல் அயோவா பல்கலைக்கழக அணி 10 ஆட்டம் ஜெயித்திருக்கிறது. அப்புறம் ஏன் இவ்வளவு கோபம்? தப்பு குவார்ட்டர்பேக்குகள் மீதா, கோச் மீதா?"

நல்ல கேள்வி. பல வருடமாக இந்த அணியைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக்குகள் சுமாராகத்தான் ஆடினார்கள். ஆனால் அவர்கள் வாங்கிய திட்டில் பாதிக்கு மேல் வேறு ஆட்களுக்குப் போயிருக்க வேண்டியது. அது அங்கே போய்ச் சேராததற்குக் காரணம், அணி ஜெயித்துக்கொண்டே இருந்ததுதான்.

நீங்கள் ஆட்டத்துக்குப் புதியவர் என்பதால் இரண்டு வரி அடிப்படை. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். மூன்றில் முடியவில்லை என்றால் பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் பன்ட். ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, ஓடுபவனிடம் கொடுப்பதா என்று நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஓரத்திலிருந்தோ மேலே அறையிலிருந்தோ சொல்லி அனுப்புபவர் ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (பந்து வைத்து ஆடும் பக்கம் ஆஃபென்ஸ், தடுக்கும் பக்கம் டிஃபென்ஸ்). வாரம் முழுக்க அதற்கான திட்டத்தைத் தீட்டுவதும் அவர்தான்.

சரி, உங்கள் நண்பர்களின் காயம் எங்கே ஆரம்பித்தது என்றால், 2022 செப்டம்பர் 3. கின்னிக் மைதானம், சீசனின் முதல் ஆட்டம். எதிரணி சவுத் டகோட்டா ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் அணி. அயோவா 7-3 என்று ஜெயித்தது. 7 என்றதும் ஒரு டச் டவுன் (பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் 6 புள்ளி), கூட ஒரு கூடுதல் புள்ளி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதுதான் இல்லை. ஒரு ஃபீல்ட் கோல், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி. மீதி நான்கும் டிஃபென்ஸ் சம்பாதித்தவை. எதிரணியை அதன் சொந்தக் கோட்டுக்குள்ளேயே மடக்கினால் 2 புள்ளி கிடைக்கும், அதற்கு சேஃப்டி என்று பெயர். அப்படி இரண்டு. மூன்று, இரண்டு, இரண்டு, ஆக மொத்தம் ஏழு. குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் பெட்ரஸ் 25 முறை எறிந்து 11 போய்ச் சேர்ந்தது, 109 யார்டு. அந்த சேஃப்டிகளுக்கு வழி போட்டது யார்? பன்ட் உதைக்கும் டோரி டெய்லர். பந்தை எதிரணியின் வாசற்படியிலேயே கொண்டுபோய் இறக்கி வைத்தார்.

அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பகையாளி அயோவா ஸ்டேட்டிடம் 10-7 தோல்வி. அக்டோபரில் இல்லினாயிடம் 9-6. இதையெல்லாம் படிக்கும்போது பேஸ்பால் ஸ்கோரோ என்று சந்தேகம் வரலாம். பிறகு ஒஹையோ ஸ்டேட் 54-10 என்று அடித்து அனுப்பியது. அந்த ஆட்டத்தில் பெட்ரஸ் திரும்பத் திரும்பப் பந்தை எதிரணிக்குக் கொடுத்ததால் இடைவேளைக்குப் பிறகு உட்கார வைத்துவிட்டு அலெக்ஸ் படியாவை இறக்கினார்கள். அவரும் பந்தைப் பறிகொடுத்தார். மறுவாரம் மறுபடி பெட்ரஸே. நார்த்வெஸ்டர்னை 33-13 என்று ஜெயித்தார்கள். ஒரு வாரம் இவரை மாற்று என்று கத்துவது, அடுத்த வாரம் அவரை மாற்று என்று கத்துவது, இதுவே அந்த வருட ரசிகர் வாழ்க்கை. சீசன் முடிவில் கணக்குப் பார்த்தால், ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 251.6 யார்டு. நாட்டின் மேல் பிரிவில் இருந்த 131 அணிகளில் 130-வது இடம். ஆனாலும் 8 வெற்றி, 5 தோல்வி!

இந்த "ஆனாலும்" இருக்கிறதே, நோய் முழுக்க அதற்குள்தான்.

அயோவாவின் டிஃபென்ஸை 2012 முதல் நடத்துபவர் ஃபில் பார்க்கர். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதை 2023-இல் வாங்கியவர். அவருடைய ஆட்கள் புள்ளி கொடுக்காமல் இருந்ததோடு நிற்கவில்லை, பந்தைப் பறித்து அவர்களே டச் டவுனும் அடித்தார்கள். 2022 டிசம்பர் 31 மியூசிக் சிட்டி பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் கென்டக்கியை 21-0 என்று ஜெயித்தபோது மூன்று டச் டவுனில் இரண்டு டிஃபென்ஸ் அடித்தது. டெய்லர் ஒரு பக்கம். மெல்போர்னிலிருந்து வந்த ஆஸ்திரேலியர். 2023-இல் 93 பன்ட், 4,479 யார்டு. ஒரே சீசனில் இவ்வளவு யார்டு அதற்கு முன் கல்லூரிக் கால்பந்தில் யாரும் உதைத்ததில்லை. முந்தைய சாதனை 1938-ஐச் சேர்ந்தது. பன்ட்டுக்கு எழுந்து நின்று கைதட்டும் கூட்டத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது. "பன்ட்தான் வெற்றி" என்ற பொருளில் சட்டையே அடித்து விற்றார்கள். பாதி பெருமை, பாதி நக்கல். கூட்டத்தில் இருந்தவனுக்கே எது எவ்வளவு என்று தெரியாது.

பன்ட்டரின் சாதனைக்கு அடியில் ஒரு கசப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 93 முறை பந்தை உதைத்தார் என்றால் 93 முறை ஆஃபென்ஸ் முட்டி நின்றது என்று அர்த்தம்.

இப்போது குவார்ட்டர்பேக்குகளுக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் ரசிகர் கேட்டது ஒன்றே: "ஆளை மாற்று." ஆளை மாற்றித்தான் பார்த்தார்கள். 2023-க்குக் கேட் மெக்நமாரா வந்தார். மிஷிகன் அணியை 2021-இல் பிக் டென் (அயோவாவும் ஆடும் பல்கலைக்கழக லீக்) பட்டத்துக்குக் கொண்டு போனவர்; அந்த இறுதியில் 42-3 என்று அடி வாங்கிய அணி எது தெரியுமா? அயோவாவேதான். நம்மை அடித்தவரே நம் பக்கம் வந்துவிட்டார், இனி என்ன கவலை என்று ஊரே குதித்தது. செப்டம்பர் 30, மிஷிகன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்தது. அவருக்குப் பதிலாக விஸ்கான்சினிலிருந்து மாறி வந்த டீகன் ஹில். பெரிய உடம்பு, பலமான கை, ஆனால் பந்து போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கைக்குத் தெரியவில்லை. சீசன் முழுக்க எறிந்ததில் பாதி கூடப் போய்ச் சேரவில்லை. 5 டச் டவுன், 8 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). விஸ்கான்சினை 15-6 என்று ஜெயித்த ஆட்டத்தில் அவர் எறிந்து சேர்த்த மொத்த யார்டு 37. முப்பத்தேழு! லெஷான் வில்லியம்ஸ் ஒரே ஓட்டத்தில் 82 யார்டு ஓடினாரே, அதில் பாதி கூட இல்லை.

இதைப் பார்த்துவிட்டு ஹில்லைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் பெட்ரஸ், படியா, மெக்நமாரா, ஹில் என்று நான்கு பேர் வரிசையாக வந்து நான்கு பேரும் தடுமாறினால், வந்தவர்களை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்க வேண்டாமா? அந்த வீட்டைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி ஒரு குவார்ட்டர்பேக்கே அல்ல. சார்லி ஜோன்ஸ் என்ற ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர். 2021-இல் அயோவாவில் மொத்த சீசனுக்கும் 21 பந்து பிடித்தார், 323 யார்டு. மறு வருடம் அதே பிக் டென்னில் உள்ள பர்டூவுக்கு மாறினார். 110 பந்து, 1,361 யார்டு, 12 டச் டவுன். அதே கால், அதே கை. ஒரு வருடத்தில் ஒரு மனிதன் ஐந்து மடங்கு திறமைசாலி ஆகிவிடுவதில்லை. அயோவாவில் அவருக்குப் பந்து வருவதற்கான வழியே போடப்படவில்லை, அவ்வளவுதான். பிடிக்கத் தெரிந்தவர்கள் இப்படி ஒவ்வொருவராக மூட்டை கட்டியபோது, மிச்சம் இருந்த குவார்ட்டர்பேக் யாருக்கு எறிவார்?

அயோவாவின் ஆஃபென்ஸ் பழைய பாணி. முன்வரிசை ஆட்கள் எல்லோரும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போக, ஓடுபவன் இடைவெளி பார்த்து வெட்டி உள்ளே நுழைவது. அது ஒழுங்காக நடந்தால், ஓடுவதுபோல ஏமாற்றிவிட்டு டைட் எண்டுக்கு, அதாவது முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவருக்கு, எறிவது. இதில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தார்கள். ஜார்ஜ் கிட்டில், டி.ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபேண்ட், சாம் லபோர்ட்டா எல்லாம் இங்கிருந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்குக்குப் போன டைட் எண்டுகள். ஆனால் சங்கிலியில் முதல் கண்ணி ஓட்டம். ஓட்டம் நின்றால் ஏமாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, எதிரணி எட்டுப் பேரை முன்னால் நிறுத்திக் காத்திருக்கும். குவார்ட்டர்பேக் நீளமான மூன்றாம் வாய்ப்புகளில், எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில், எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்கு எறிய வேண்டி வரும். 2022-23-இல் முன்வரிசை தேறாத வரிசை. கிரிக்கெட் பழக்கத்தில் சொன்னால், 20 ரன்னுக்கு 4 விக்கெட் போன நிலையில் ஒவ்வொரு ஆட்டமும் இறங்கும் ஆறாம் எண் ஆட்டக்காரர்தான் அயோவா குவார்ட்டர்பேக்.

இந்த வீட்டைக் கட்டியவர் யார் என்றால், கதை குடும்பக் கதையாகிவிடும்.

தலைமைக் கோச் கிர்க் ஃபெரென்ட்ஸ் 1999 சீசனிலிருந்து இருக்கிறார். இன்றைக்கு மேல் பிரிவில் ஒரே அணியில் அவ்வளவு காலம் இருக்கும் தலைமைக் கோச் வேறு யாரும் இல்லை. ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பிரையன் ஃபெரென்ட்ஸ், அவருடைய மகன். 2017-இல் அந்தப் பதவிக்கு வந்தார். உறவினரை உறவினர் மேற்பார்வை செய்யக்கூடாது என்ற விதிக்காக, காகிதத்தில் பிரையனின் மேலதிகாரி அப்பா அல்ல, விளையாட்டுத் துறைத் தலைவர் கேரி பார்ட்டா. தினமும் வேலை வாங்குபவர் ஒருவர், மதிப்பெண் போடுபவர் இன்னொருவர். 2022-இல் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த கென் ஓ'கீஃப் விலகியபோது அந்தப் பொறுப்பும் பிரையனிடமே வந்தது. அவர் தொழில் முழுக்க முன்வரிசை, டைட் எண்ட் பக்கம் வளர்ந்தவர். குவார்ட்டர்பேக் பயிற்சி அவருடைய துறை அல்ல. என்னைக் கேட்டால் இந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றிலும் மோசம். எறிபவர்கள் தடுமாறும் நேரத்தில் எறிதல் கற்றுத்தரும் ஆசிரியரைக்கூட வெளியிலிருந்து கொண்டுவரவில்லை.

பிரையன் பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். அவருடைய முதல் வருடம், 2017 நவம்பரில், இதே கின்னிக்கில் ஒஹையோ ஸ்டேட்டை 55-24 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். நேட் ஸ்டான்லி அன்று 5 டச் டவுன் எறிந்தார். மூன்று வருடத்தில் மொத்தம் 68. ஆக, ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. 2023-இலும் மெக்நமாரா மட்டும் அல்ல, டைட் எண்டுகள் லூக் லாக்கி, எரிக் ஆல் இருவருமே காயத்தில் போனார்கள். டைட் எண்டை நம்பிக் கட்டிய ஆஃபென்ஸில் அது இரண்டு தூணும் சாய்ந்த மாதிரி. ஆனால் 2022-க்கு அந்தச் சாக்கு இல்லை. லபோர்ட்டா அந்த வருடம் அணியில்தான் இருந்தார்.

அப்புறம் வந்தது அந்த ஒப்பந்தம். 2023 பிப்ரவரியில் பிரையனின் சம்பளத்தை 50,000 டாலர் குறைத்து 8,50,000 ஆக்கி, இரண்டு நிபந்தனை போட்டார்கள். 7 வெற்றி, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி. இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், டிஃபென்ஸ் அடிக்கும் புள்ளியும் பன்ட்டைத் திருப்பி ஓடி அடிக்கும் புள்ளியும் இவர் கணக்கில் சேரும். அடுத்த மேசைக்காரர் முடித்த வேலைக்கு இவருக்குப் பதவி நீடிக்கும்! 13 ஆட்டத்துக்கு 325 புள்ளி என்று ரசிகர்கள் கணக்குப் போட்டு ஒவ்வொரு வாரமும் மீதியைக் கழித்தார்கள். நாட்டின் விளையாட்டுத் தொலைக்காட்சிகளும் சேர்ந்துகொண்டன. ஒரு கோச்சின் வேலை இப்படிப் பொதுவில் எண்ணப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் கேலியாக மாறியது அந்த ஒப்பந்தத்தால்தான். கேலி வந்த பிறகு கோச்சுக்கு மரியாதை திரும்புவது கஷ்டம்.

2023 நடந்த விதம்: பென் ஸ்டேட்டிடம் 31-0, அந்த ஆட்டம் முழுக்க எடுத்த யார்டு 76. அக்டோபர் 21, மினசோட்டா. கடைசி ஒன்றரை நிமிடத்தில் 12-10 என்று பின்தங்கியிருந்தபோது கூப்பர் டிஜீன் ஒரு பன்ட்டைப் பிடித்துக் கோடு வரை ஓடினார். மைதானம் அதிர்ந்தது. நடுவர்கள் திரும்பப் பார்த்து, ஓடும் முன் அவர் இடது கையை அசைத்தது "ஓட மாட்டேன்" என்ற சைகைக்குச் சமம் என்று டச் டவுனை ரத்து செய்தார்கள். பந்து கிடைத்தது, ஹில் இன்டர்செப்ஷன் கொடுத்தார், முடிந்தது. அன்று எல்லோரும் நடுவரைத் திட்டினார்கள். எனக்கு அந்தத் திட்டு பிடிக்கவில்லை. ஆட்டம் முழுக்க 127 யார்டு எடுத்த அணி, ஒரு கையசைப்பை நம்பி நிற்கும் நிலைக்கு எப்படி வந்தது என்று யாரும் அன்று கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 30-ஆம் தேதி, பார்ட்டாவுக்குப் பின் இடைக்காலமாக வந்திருந்த பெத் கெட்ஸ் அறிவித்தார்: இந்த சீசனோடு பிரையன் இருக்க மாட்டார். சீசன் நடுவில் அறிவித்தது தலைமைக் கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. விடைபெறப் போகும் மகன் கட்டளை சொல்ல, அப்பா பக்கத்தில் நிற்க, அணி அதன் பிறகு வரிசையாக நான்கு ஆட்டம் ஜெயித்தது. நார்த்வெஸ்டர்ன் 10-7. ரட்கர்ஸ் 22-0. இல்லினாய் 15-13. நெப்ராஸ்கா 13-10. நெப்ராஸ்கா ஆட்டத்துக்குப் பந்தயக்காரர்கள் இரண்டு அணிக்கும் சேர்த்து வைத்த எதிர்பார்ப்பே 25 புள்ளிக்குக் கீழ். அவ்வளவு குறைவாக அதற்கு முன் யாரும் வைத்ததில்லை. மொத்தம் வந்தது 23.

இப்போது உங்கள் கேள்வியில் இருந்த அந்த 10 வெற்றியைப் பிரித்துப் பாருங்கள். 14 ஆட்டத்தில் அயோவா அடித்தது 216 புள்ளி. வாங்கியது 207. பத்து ஆட்டம் ஜெயித்த அணிக்கு மொத்த லாபம் 9 புள்ளி. 25-ஐத் தாண்டியது இரண்டே முறை. அதில் ஒன்று மிஷிகன் ஸ்டேட்டுக்கு எதிரான 26; அதிலும் ஒரு டச் டவுன் டிஜீன் பன்ட்டைத் திருப்பி ஓடியது. யார்டு கணக்கில் 133 அணிகளில் 133-வது. பிக் டென் இறுதியில் மிஷிகனிடம் 26-0. புத்தாண்டன்று சிட்ரஸ் பௌலில் டென்னசியிடம் 35-0. கடைசி இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளி இல்லை. உங்கள் தோழர்கள் தலையில் அடித்துக்கொள்வது அந்த 10 வெற்றியை மறந்து அல்ல. இந்த டிஃபென்ஸுக்கு ஒரு நடுத்தர ஆஃபென்ஸ், 60-வது இடத்தில் இருக்கும் ஒன்று, கிடைத்திருந்தால் எங்கே போயிருக்கலாம் என்ற ஏக்கம். அப்படி ஒரு டிஃபென்ஸ் தலைமுறைக்கு ஒன்று வரும். அதை 10-7 ஜெயிப்பதில் செலவழித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அயோவா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. சிகாகோவோ கான்சஸ் சிட்டியோ போனால்தான் உண்டு. கின்னிக்கின் சுமார் 69,000 இருக்கைகள்தான் மாநிலத்தின் பாதிப் பேருக்குக் கோவில். முதல் கால் பகுதி முடிந்ததும் எதிரே உள்ள குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்து மொத்தக் கூட்டமும் கையசைக்குமே, அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட கூட்டம் இருபது வயதுப் பையன் ஒருவன் களமிறங்கும்போது முனகுகிறது என்றால் வருத்தம் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும்.

பிரையன் போன பிறகு டிம் லெஸ்டர் வந்தார். 2024-இல் கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடினார். அணி 13 ஆட்டத்தில் 360 புள்ளி அடித்தது. பிரையனிடம் கேட்ட 325-ஐ அடுத்தவர் சர்வசாதாரணமாகத் தாண்டினார். வெற்றி? 8 மட்டும். முந்தைய வருடத்தைவிடக் குறைவு. ஆனால் அந்த வருடம் லெஸ்டரைத் திட்டியவர்கள் என் காதில் அதிகம் விழவில்லை. குவார்ட்டர்பேக் மட்டும் அப்போதும் சரியாகவில்லை. மெக்நமாரா திரும்பி வந்து சோபிக்கவில்லை, சீசன் முடிவதற்குள் மூன்று பேரை ஆட வைத்தாயிற்று. ஆக, குவார்ட்டர்பேக்குகள் மீது தப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டம் ஒழுங்கானதும் அதே அரைகுறை எறிதலை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு 12 புள்ளி கூடுதலாக வந்தது என்கிறேன்.

2025-க்கு யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? மார்க் கிரனோவ்ஸ்கி. சவுத் டகோட்டா ஸ்டேட்டை 2022, 2023 இரண்டு வருடமும் கீழ்ப்பிரிவு சாம்பியன் ஆக்கியவர். அந்த 7-3 ஆட்டத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக் அவர்தான். டெய்லரின் பன்ட்டுகளுக்குப் பிறகு தன் கோட்டு வாசலில் பின்னால் கால் வைக்க இடமில்லாமல் நின்றவர். அயோவாவுக்காக அவருடைய முதல் ஆட்டம் ஆல்பனிக்கு எதிராக, 34-7 வெற்றி. எறிந்து சேர்த்தது 44 யார்டு. மறுநாள் உங்கள் தோழர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.